ஊர் திரும்பியவர்

பிரயாணம் புறப்படுகிறவனுக்குப் புத்தி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எந்த ரயிலில் ஏறவேண்டும், எவ்வூரில் தண்ணீர் குடிக்கலாகாது, பணத்தை எங்கே முடிந்து வைக்கவேண்டும் என்று பாட்டி முதல் அடுத்த வீட்டுக்காரர் ஈறாக அனைவரும் சொல்லுவர். பல்லாண்டு பலதேசம் சுற்றித் தன் வீட்டு வாயிலுக்கு மீளுகிறவனுக்கோ ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. சொந்த வீட்டிற்கு வருவதற்குப் பயிற்சி எதற்கு என்பது உலகத்தார் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபட்டதென்பதை, சேலம் நாமக்கல் சமவெளியில் வாழும் நம்மவர் அநுபவத்தைக் கொண்டு இவ்வியாசத்திற் சிறிது ஆராயப் புகுகின்றோம். நம் மாணவரிற் பலர் படிப்பு முடிந்ததும் கடல்கடக்கும் நோக்கமுடையவர். பழைய மாணவரிற் பலர் கடந்து மீண்டவர். ஆதலின் இவ்விஷயம் இம்மலருக்குப் புறம்பானதன்று.

உலகம் சுற்றி வந்தவரென்றால், சீமைக்குச் சென்று பட்டம் பெற்று மீண்ட கனவானையே நாம் முதலில் நினைக்கின்றோம். நம் பக்கத்தில் அவரினும் தொகையாற் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அஃது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் கூட்டம். திருச்செங்கோட்டை அதற்குத் தலைநகர் எனலாம். இந்நிலம் மேலே சிறிது மண்ணும் கீழே கடும்பாறையுமாக அமைந்தது. பாறை வெடிப்புகளிலன்றி நீர் தங்க இடமில்லை. முற்காலத்தார் வெடிவைத்துக் கிணறு வெட்டினர். கிணறுகள் வற்றத் தொடங்கின. அழுத்திய காற்றினால் இயங்கும் சம்மட்டியைக் குழாயின் நுனியிற் பூட்டிப் பாறையைத் துளைக்கும் பொறிகள் 1960-களின் பிற்பகுதி தொடங்கி இந்தியாவிற் பரவியபோது, அத்தொழிலை நம்மவர் விரைந்து கைக்கொண்டனர். லாரித் தொழில் இங்கே முன்னமே வேரூன்றியிருந்தமை அதற்குத் துணையாயிற்று. உள்ளூர் வேலை போதாமற் போகவே, வண்டிகளை ஆந்திரம், மகாராஷ்டிரம், மத்தியப்பிரதேசம், ராஜஸ்தானம் என்று ஓட்டிச் சென்றனர்; பின்னர் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேற்றினர்.

துளையிடும் பொறியைச் சுமந்த லாரி ஒன்று. குழாய்களையும் டீசலையும் அரிசி மூட்டையையும் ஆட்களையும் சுமந்து அதனைத் தொடரும் லாரி ஒன்று. இவ்விரண்டுமே அவர்களுக்கு வீடு. அழைத்த ஊருக்குப் போவர். அறுநூறடியோ ஆயிரமடியோ இறக்குவர். நீர் பொங்கினாலும் புகை பறந்தாலும் மறுநாள் வேறூர் போவர். மழைக்காலம் பிறந்து, உழவு நிலத்தில் லாரி இறங்க மாட்டாமற் போனால்தான் ஊர் நினைப்பு. இங்ஙனம் ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் வெளியே கழித்தவரும், அயல் கண்டத்தில் இரண்டு மூன்று ஆண்டு கழித்தவரும் நம் கிராமங்களில் தெருவுக்கு ஒருவரேனும் இருப்பர்.

அவர்களுள் ஒருவர் எமக்கு அணுக்க உறவினர். கிழக்காப்பிரிக்காவில் மூன்று ஆண்டு வேலைபார்த்துச் சென்ற சித்திரையில் மீண்டார். கோயமுத்தூரில் விமானத்தை விட்டிறங்கிக் காரில் வரும்போது, சங்ககிரி மலை கண்ணிற் பட்டதும் தமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதென்று கூறினார். அன்று வீட்டில் திருவிழாவே. அரிசியும் பருப்பும் இட்டுச் சமைத்த சோற்றை, மூன்றாண்டு நினைத்து நினைத்து ஏங்கியதை, நெய் வழிய உண்டார். உறவினர் வந்து சூழ்ந்தனர். பெட்டிகள் திறக்கப்பட்டன. ஒரு வாரம் இவ்வாறு சென்றது.

இரண்டாம் வாரத்தில் அவருக்கு உறக்கம் வரவில்லை. இரண்டரை மணி நேர வேற்றுமை கடந்து வந்தவருக்கு உடம்பின் கடிகாரம் இரண்டு மூன்று நாளிற் சரிப்பட்டுவிடும். ஒரு மணி வேற்றுமைக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பது மருத்துவர் கணக்கு. இவருக்கு நேர்ந்தது வேறு. கம்ப்ரெஸரின் இரைச்சலிலேயே ஆண்டுக்கணக்கில் உறங்கிப் பழகிய காதுக்கு வீட்டின் அமைதி பொறுக்கவில்லை. திண்ணைக்கு வந்து சாலையில் ஓடும் லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்தார். பேசுங்கால் உரக்கப் பேசினார். சண்டையிடுகின்றாரோ என்று அயலார் எட்டிப் பார்த்தனர்.

இது சிறிது. பெரிது பின்னர் வந்தது. அவர் சென்ற காலத்தில் வீட்டுக்கணக்கு அவர் கையிலிருந்தது. இப்போது அவர் மனைவி வங்கிக்குச் செல்கின்றார்; எருமை இரண்டு வாங்கிச் சங்கத்திற்குப் பால் ஊற்றுகின்றார்; நிலக்கடலை போட்டுவந்த மேட்டுக்காட்டைக் குச்சிக்கிழங்குக்கு மாற்றிவிட்டார். எல்லாம் நன்றாகவே நடந்திருக்கின்றன. அந்நன்மையே அவரை உறுத்திற்று. கிழங்கு எதற்கு என்றார்; கட்டிலை ஏன் இடம் மாற்றினீர்கள் என்றார்; ஒரு மாலை, பாற்கணக்கு நோட்டைத் தம்மிடம் கேளாமல் எழுதியதற்குச் சினந்தார். அம்மையார் விடை கூறாமல் நோட்டை எடுத்து அவர்முன் வைத்துவிட்டு உள்ளே சென்றார். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண்குழந்தை தலையை நிமிர்த்தி, "எப்பங்கப்பா திரும்பிப் போறீங்க?" என்று கேட்டது. பகையால் கேட்டதன்று. அப்பா என்பவர் வந்து போகின்றவர் என்பதே அக்குழந்தை அறிந்த இலக்கணம். அன்றிரவு அவர் முதலாளிக்குப் போன் செய்து, அடுத்த கப்பலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டதை எம்மிடம் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இதில் அவரது குற்றம் யாது, வீட்டாரது குற்றம் யாது என்று தேடுவது வீண். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆல்பிரட் ஷுட்ஸ் என்னும் அறிஞர், 1945-ஆம் ஆண்டு போர்வீரர்கள் வீடு மீளுங்காலத்தில், ஊர் திரும்புகின்றவனைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். கிரேக்கப் பெருங்காப்பியத் தலைவனாகிய ஒடிஸியஸ் இருபதாண்டு அலைந்து, உறங்கிய நிலையில் தன் தீவுக்கரையில் இறக்கப்பட்டு, விழித்ததும் தன் நாட்டையே அடையாளம் அறியாது திகைத்த கதையை அவர் முகப்பில் வைத்தார். அவர் காட்டும் நுட்பம் இது: அந்நிய நாடு செல்கின்றவன் தனக்கு ஒன்றும் தெரியாதென்று அறிந்தே செல்லுதலின் கேட்டுக் கேட்டு நடக்கின்றான்; வீடு மீளுகின்றவனோ எல்லாம் தெரியுமென்று எண்ணி வருதலின் ஒன்றையும் கேட்பதில்லை. அவன் நினைவிலிருந்த வீடு அவன் புறப்பட்ட நாளிலேயே நின்றுவிட்டது. மெய்யான வீடோ நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. வீட்டார் நெஞ்சிலிருந்த அவனும் புறப்பட்ட நாளின் அவனே. இரண்டு பழம்படங்களும் ஒன்றையொன்று தேடுகின்றன. வந்து நிற்பவர் இருவரும் புதியவர்.

இதற்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் அளவுகோலும் கொண்டுவந்தனர். லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்கா சென்று மீண்ட நார்வே நாட்டார் இருநூற்றுவரை உசாவி, அயல்நாட்டில் மனநிலை முதலில் உயர்ந்து, இடையில் தாழ்ந்து, மீண்டும் உயருமென்று 1955-இல் எழுதினார். கல்லஹார்ன் தம்பதியர் 1963-இல் அக்கோட்டை நீட்டி, ஊர் திரும்பியதும் அதே பள்ளம் மறுபடியும் வருமென்றனர். எல்லார்க்கும் இவ்வாறே ஏறி இறங்குமென்பதைப் பிற்காலத்தார் ஒப்பவில்லை. மனித மனம் வரைபடத்துக்கு அடங்கி நடப்பதாக நாமும் கருதவில்லை. ஆயினும் இரண்டாம் பள்ளம் ஒன்று உண்டென்பதை முன்னரே அறிந்தவன், அதில் விழுங்கால் தன்னையோ தன் மனைவியையோ பழிக்கமாட்டான். அவ்வளவில் அக்கோடு பயன்படும்.

பெரும்பிரயாணிகளின் சரித்திரத்திலும் இப்பள்ளத்தைக் காணலாம். இபின் பதூதா 1325-ஆம் ஆண்டில் தம் இருபத்தொன்றாம் வயதில் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரினின்றும் புறப்பட்டவர். டில்லியில் நீதிபதியாயிருந்து, மாலத்தீவும் இலங்கையும் கண்டு, அக்காலத்தில் சுல்தான்கள் ஆண்ட நம் மதுரைக்கும் வந்தவர். இருபத்துநான்கு ஆண்டு கழித்து 1349-இல் தாய்நாடு திரும்பியபோது, அவருடைய தாயார் சில மாதங்களுக்கு முன்னர்த்தான் கொள்ளைநோயால் இறந்திருந்தார். அவர் ஊரில் நிலைத்திருக்கவில்லை. விரைவில் கிரனடாவுக்கும், பின்னர்ப் பாலைவனங் கடந்து மாலி நாட்டுக்கும் சென்றார். முடிவாக மீண்டு, அரசன் ஆணைப்படி தம் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தார்; அது 1355-இல் முடிந்தது. அவர் சொன்னவற்றை அரண்மனையார் பலர் நம்பவில்லையென்று இபின் கல்தூன் எழுதியிருக்கின்றார். கண்டதைச் சொன்னால் கேட்பாரில்லாமை ஊர் திரும்பியவனுக்கு வரும் துன்பங்களுள் முதன்மையானது.

இத்துன்பத்தின் மறுபுறத்தையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். சீமை சென்று மீண்ட நண்பர் சிலர், வாக்கியந்தோறும் "அங்கே" என்று தொடங்குவர். அங்கே சாலை இவ்வாறிராது. அங்கே வரிசையில் நிற்பர். அங்கே பால் இவ்வளவு நீராயிராது. முதல் நாள் நாம் வியந்து கேட்போம். பத்தாம் நாள் வேறு தெருவழியே போவோம். எமக்கும் ஒரு காலத்தில் இந்நோய் கண்டிருந்தது. வடநாட்டில் இரண்டே ஆண்டு தங்கி மீண்டமைக்கு அது சற்று மிகையென்று வீட்டார் நயமாக உணர்த்தினர்.

இவ்வகையில் எண்ணத்தக்கது காந்தியடிகள் வரலாறு. 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவர், 1915-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் பம்பாயில் வந்திறங்கினார். அங்கே பெரும்போராட்டம் நடத்தியவர். பேசச் சொல்லி எல்லாரும் காத்திருந்தனர். கோகலே அவரை ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கும்படியும், அதுவரையில் பொதுவிஷயங்களில் அபிப்பிராயம் கூறாதிருக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே கோகலே காலமானார். ஆயினும் காந்தியடிகள் அவ்வாக்கைக் காத்து, மூன்றாம் வகுப்பு வண்டியில் ஊரூராகச் சென்று, பார்த்தும் கேட்டும் அவ்வாண்டைக் கழித்தார். பிறந்த நாட்டிலேயே மாணாக்கராக இருக்க அவர் நாணவில்லை.

ஊர் திரும்பியவர் என்று நாம் அழைப்போருள் ஊரையே முன்பின் கண்டிராதவரும் உண்டென்பதை இங்கே மறத்தலாகாது. சேலம், திருச்சி முதலிய ஜில்லாக்களினின்றும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர் வழிவந்தோரைப் பற்றி 1964-இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கையால், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. பலர் அங்கேயே பிறந்தவர். தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பாட்டனார் சொல்லிய ஊர்ப்பெயரை மட்டும் கையிற் கொண்டு வந்தனர். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் "சிலோன்காரர்". அவர்கள் பட்ட பாட்டை நோக்க, ரிக் வண்டிக்காரர் பாடு பாடன்று. தம் வீட்டுக் கதவேனும் அவர்களுக்குத் திறந்திருக்கின்றது.

எம் உறவினர் கதைக்கு மீளுவோம். அவர் முதலாளிக்குப் போன் செய்ததை அறிந்தவர் அவருடைய தாயார் ஒருவரே. அந்த ஆத்தா பள்ளிக்கூடம் அறியாதவர், ஷுட்ஸையும் அறியார். மறுநாள் விடியலில் மகனை எழுப்பிப் பாற்கேனைக் கையிற் கொடுத்து, "அவளுக்கு இடுப்புவலி, நீ கொண்டுபோய் ஊத்திட்டு வா" என்றார். இடுப்புவலி மெய்யோ பொய்யோ நாம் விசாரிக்கவில்லை. அவர் சென்றார். சங்கத்து வரிசையில் நின்றார். தம்மை முதலாளி வீட்டுக் காரியஸ்தரென்றோ ஆப்பிரிக்கா கண்டவரென்றோ அங்கே ஒருவரும் மதிக்கவில்லை. கேன் மூடி இறுகியிருப்பதைத் திறக்க மாட்டாமல் நின்றவரைப் பார்த்துச் சிரித்தனர். பின் சொல்லிக்கொடுத்தனர். அரைமணி நேரம் நின்றதில் கிழங்கு விலை, புதைந்துபோன வாய்க்கால், இறந்தோர், மணந்தோர் என மூன்றாண்டுச் செய்தியிற் பாதி அவர் காதில் விழுந்தது. வீடு வந்ததும், மேட்டுக்காட்டில் கிழங்கு போட்டது ஏன் என்று மனைவியைக் கேட்டார். இம்முறை விடை அறியும் பொருட்டுக் கேட்டார். ஆள் கூலியும் மழைக்குறைவும் காரணமென்று அம்மையார் விரிவாகச் சொன்னாராம்.

அதன்பின் எல்லாம் சரியாயிற்றென்று எழுதினால் அது கதையாகிவிடும். அவர் இன்னும் சில இரவுகள் திண்ணையிலேயே படுக்கின்றார். நோட்டை எழுதுகின்றவர் அம்மையாரே. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் இவருக்கு. காவிரிப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி, தாம் கண்ட பேராறுகளை நோக்க இஃது ஓடையென்று முதல் மாதத்தில் எம்மிடம் சொன்னவர், சென்ற ஆடி பதினெட்டுக்குக் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மோகனூர்ப் படித்துறையில் நின்றார். அன்று ஆற்றை எதனோடும் ஒப்பிடவில்லை.

முதலாளியிடமிருந்து அழைப்பு வந்திருக்கின்றது. தை பிறந்ததும் கப்பல். போவதா இருப்பதா என்று அவர் முடிவு செய்யவில்லை. மனைவியைக் கேட்டுச் சொல்வதாக விடை அனுப்பியிருக்கின்றார்.