ஸ்டாக்ஹோமில் எழுந்த கேள்வி

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை தீபமலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 13-ல் பக்தர்களை மலையேற விடாமல் உச்சியில் மகாதீபம் ஏற்றினார்கள்.

வெளியுறவையும் சுற்றுச்சூழலையும் ஒருசேரக் கையாண்ட பெண் தலைவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு அந்தச் சரிவுதான் கண்ணில் நிற்கிறது.

ஜப்பானின் யோரிகோ கவாகுச்சி 2001-ல் சுற்றுச்சூழல் அமைச்சர். மறு ஆண்டே வெளியுறவு அமைச்சர். கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தை ஜப்பான் முறைப்படி ஏற்றதும் 2002-ல்தான். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வெளியுறவு, சுற்றுச்சூழல் இரண்டையும் ஒரே மேடையில் பேசியவர் இந்திரா காந்தி. சில காலம் வெளியுறவுத் துறையையும் தன் கையில் வைத்திருந்த பிரதமர் அவர்.

1972 ஜூன் 14. ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு. விருந்தளித்த ஸ்வீடனின் பிரதமரைத் தவிர, அரசாங்கத் தலைவர் என்று வந்தவர் அவர் ஒருவரே. வறுமையும் இல்லாமையும் எல்லா மாசையும்விடப் பெரிய மாசு இல்லையா என்று பணக்கார நாடுகளைப் பார்த்துக் கேட்டார். காட்டை நம்பிப் பிழைப்பவனுக்கு வேறு வழி காட்டாமல் காட்டைக் காக்க முடியாது என்றார். ஊர் திரும்பிய அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் திட்டம், 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் வரவிருந்த அணையும் அவர் காலத்தில்தான் கைவிடப்பட்டது. அவர் ஆட்சியின் அவசரநிலையை மறக்காதவர்கள் இந்தப் புகழை ஒப்பமாட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. திருவண்ணாமலையின் மலைச்சரிவுத் தெருக்களில் ஏறிப் பாருங்கள். பாறையை ஒட்டி எழுப்பிய சுவர், செங்குத்தான படி, வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். கோயிலைச் சுற்றிப் பூக்கட்டியும், கற்பூரம் விற்றும், விடுதி துடைத்தும் வாழ்கிறவர்களுக்கு அடிவாரத்தில் வாடகை கட்டுபடியாகாது. அதனால்தான் மேலே போனார்கள். தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக நட்ட மரங்கள் மலைக்கு மறுபடி பச்சை தந்திருக்கின்றன. மரம் மண்ணைப் பிடிக்கும். குடும்பத்துக்குப் பிடிமானம் தருவது வீடு.

'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லில் இவர்களை இறக்கிவிட்டால், வேறொரு சரிவில் ஏறுவார்கள். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மலையைக் காலி செய்யச் சொல்லுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது நடக்க வேண்டும். கிரிவலம் வருகிறவர்களே, 14 கிலோமீட்டர் நடக்கும்போது சிகரத்தைக் கும்பிடுங்கள். அப்படியே அதன் இடுப்பில் ஒண்டியிருக்கும் வீடுகளையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.