தலையெழுத்தும் கொலைகாரனும்

மனித மண்டையோட்டைப் பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மேற்புறத்தில் சில கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். 'பிரமன் எழுதிய தலையெழுத்து இதுதான்' என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் அவை மண்டையோட்டின் தனித்தனி எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பொருத்துகள். குழந்தையின் மூளை வளர இடம் தருவதற்காக முதலில் நெகிழ்ந்திருந்து, பின்னர் மெல்ல மெல்ல இறுகுகின்றன. அங்கே எவருடைய விதியும் எழுதப்படவில்லை.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரு மருத்துவர், மண்டையோட்டில் மனிதனின் விதியைப் படித்துவிட்டதாகவே நம்பினார். அன்று தொடங்கிய தேடல் இன்றும் ஓயவில்லை. கருவிகள் மாறிவிட்டன, கேள்வி மாறவில்லை. கொலைகாரன் பிறக்கும்போதே கொலைகாரனாகப் பிறக்கிறானா? அப்படியானால், அவனைத் திருத்தவே முடியாதா? அறிவியல் இதற்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

லொம்புரோசோ கண்ட குழி

செசாரே லொம்புரோசோ (1835-1909) இத்தாலி நாட்டவர். திருட்டு முதலிய குற்றங்களுக்காகச் சிறை சென்று இறந்த வில்லெல்லா என்பவனின் மண்டையோட்டை அவர் ஆராய்ந்தார். அதன் பின்பகுதியின் உட்புறத்தில் ஒரு சிறு குழி தென்பட்டது. மனிதரில் அரிதாகவும் சில விலங்குகளில் இயல்பாகவும் காணப்படும் குழி அது. 'குற்றவாளி என்பவன் பரிணாமப் பாதையில் பின்தங்கிப்போன பிறவி' என்று லொம்புரோசோ முடிவு கட்டிவிட்டார். பெரிய தாடை, நீண்ட கைகள், புடைத்த காதுகள் ஆகியவை 'பிறவிக் குற்றவாளி'யின் அடையாளங்கள் என்று 1876-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

ஒரே ஒரு மண்டையோட்டிலிருந்து மனித இனத்துக்கே விதி வகுக்கலாமா? அளந்து பார்க்க முனைந்தார் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர். ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, அந்த அளவுகளைக் கல்லூரி மாணவர்கள், படைவீரர்கள் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1913-இல் முடிவை வெளியிட்டார். 'குற்றவாளி உடலமைப்பு' என்று தனியாக ஒன்று இல்லை என்பதே அந்த முடிவு.

லொம்புரோசோ தம் உடலையும் ஆய்வுக்கே எழுதி வைத்தார். அவருடைய எலும்புக்கூடு தூரின் நகரில் அவர் தொடங்கிய அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது.

ஒரு குரோமோசோம் கூடினால்

எலும்பு கைவிட்டது, அடுத்து உயிரணுவுக்குள் தேடினார்கள். ஆணின் உயிரணுவில் ஒரு எக்ஸ் குரோமோசோமும் ஒரு ஒய் குரோமோசோமும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு ஒய் குரோமோசோம் இரண்டாக அமைந்துவிடுகிறது. 1965-இல் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் குழுவினர் ஸ்காட்லாந்தில் கடுங்காவல் மருத்துவமனை ஒன்றில் 197 ஆண்களைச் சோதித்தபோது, 7 பேருக்கு இரண்டு ஒய் குரோமோசோம்கள் இருக்கக் கண்டனர். செய்தி பரவியது. 'கொலைகாரக் குரோமோசோம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று பலரும் பேசத் தொடங்கினர்.

1966-இல் சிகாகோ நகரில் ரிச்சர்ட் ஸ்பெக் என்பவன் ஒரே இரவில் எட்டு இளம்பெண்களைக் கொன்றான். அவனுக்கும் ஒய் குரோமோசோம் இரண்டு என்று செய்தி வந்தது. சோதித்துப் பார்த்தால் அவனுடைய குரோமோசோம்கள் உங்களுடையதையும் என்னுடையதையும் போலவே இயல்பாக இருந்தன. பொய்ச் செய்தி மட்டும் பல ஆண்டுகள் பாடநூல்களில்கூட உலவியது.

பிழை எங்கே? தேடியவர்கள் பூட்டிய கதவுக்குள் மட்டுமே தேடினார்கள். வெளியே அமைதியாக வேலைக்குப் போய்வரும் இரட்டை ஒய் ஆண்களை யாரும் எண்ணவில்லை. 1976-இல் வெளியான டென்மார்க் ஆய்வு இக்குறையைப் போக்கியது. கோபன்ஹேகனில் பிறந்த 4,139 உயரமான ஆண்களைச் சோதித்து, இரட்டை ஒய் உடைய 12 பேரைக் கண்டறிந்தனர். அவர்களிடையே சிறு குற்றங்கள் மிகுதி. ஆனால் வன்முறை மிகுதி என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

பாசிட்ரான் காட்டிய படம்

இப்போது மூளைக்கு வருவோம். இங்கே நம் இயற்பியல் துணைக்கு வருகிறது.

மூளை வேலை செய்யக் குளுக்கோஸ் வேண்டும். எந்தப் பகுதி மிகுதியாக உழைக்கிறதோ, அந்தப் பகுதி மிகுதியாகக் குளுக்கோஸை உறிஞ்சும். ஆகவே, குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தி ரத்தத்தில் செலுத்துகிறார்கள். இவ்வணு சிதையும்போது பாசிட்ரான் என்ற துகள் வெளிப்படுகிறது. அது எலெக்ட்ரானின் எதிர்த்துகள். ஒரு மில்லிமீட்டர் அளவே ஓடி, ஓர் எலெக்ட்ரானைச் சந்திக்கிறது. அந்தக் கணமே இரண்டும் அழிந்து, தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களாக மாறி, எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்கருவிகள் இந்த இரட்டைக் கதிர்களைப் பிடிக்கின்றன. கதிர்கள் புறப்பட்ட இடத்தைக் கணிப்பொறி கணக்கிட்டு, மூளை உழைக்கும் படத்தை வரைந்து தருகிறது.

ஏட்ரியன் ரெய்ன் என்ற உளவியல் அறிஞர் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட 41 பேரையும், அவர்களுக்கு ஒப்பான வயதுடைய வேறு 41 பேரையும் இம்முறையில் படமெடுத்து, 1997-இல் முடிவுகளை வெளியிட்டார். கொலைக்குழுவினரின் முன்மூளை சராசரியாகக் குறைவாக உழைத்தது. முன்மூளை என்பது நெற்றிக்குப் பின்னே உள்ள பகுதி. 'பொறு, யோசி, செய்யாதே' என்று நம்மைத் தடுத்து நிறுத்துவது அதன் பணி. வண்டிக்குப் பிரேக் எப்படியோ அப்படி.

எனில், பிரேக் பழுதானவன்தான் கொலைகாரன் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. இந்த 41 பேரும் தங்கள் மனநிலை சரியில்லை என்று வழக்கில் வாதாடியவர்கள். எல்லாக் கொலைகாரர்களுக்கும் இவர்கள் மாதிரி ஆகமாட்டார்கள். சராசரியில் தெரியும் வேறுபாடு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இன்னொரு வியப்பும் உண்டு. பல ஆண்டுகளாகப் பலரைக் கொன்ற தொடர்கொலையாளி ஒருவனையும் ரெய்ன் படமெடுத்திருந்தார். அவனுடைய முன்மூளை நன்றாகவே உழைத்தது! திட்டமிடவும் தடயத்தை மறைக்கவும் பல ஆண்டுகள் பிடிபடாமல் தப்பவும் நல்ல முன்மூளை தேவைதானே? அந்தப் படம் தம் மூளையின் படத்தைப் போலவே இருந்தது என்று ரெய்னே எழுதியிருக்கிறார்.

ஒரு சிறு கணக்கு

வருங்காலத்தில் இன்னும் நல்ல கருவி வந்தால்? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைக் கணக்குதான்.

ஒரு நகரத்தின் மக்கள்தொகை 10 லட்சம். அவர்களில் 10 பேர் பிற்காலத்தில் தொடர்கொலையாளிகள் ஆவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் கருவி இருக்கிறது. அந்தப் பத்துப் பேரையும் அது பிடித்துவிடும் எனலாம். மீதியுள்ள 9,99,990 நல்லவர்களிடம் அது 1 விழுக்காடுதான் தவறும். ஆனால் அந்த 1 விழுக்காடு ஏறத்தாழ 10,000 பேர்! கருவி குற்றம் சாட்டும் 10,010 பேரில் உண்மையானவர்கள் பத்தே பேர். அதாவது, ஆயிரத்துக்கு ஒருவர். மற்ற 999 பேரும் ஒரு பாவமும் அறியாதவர்கள். அரிதான ஒன்றைத் தேடும்போது மிக நல்ல கருவியும் இவ்வாறு ஏமாற்றிவிடும்.

கொலைகாரர் எல்லாரும் ஒரே வகையா?

செய்தித்தாளிலும் திரைப்படத்திலும் தொடர்கொலையாளிகளுக்குத்தான் பெரிய இடம். ஆனால், அமெரிக்காவில் ஓராண்டில் நடக்கும் கொலைகளில் தொடர்கொலைகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று அந்நாட்டுக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. கணித்துள்ளது. பெரும்பாலான கொலைகள் தகராறில் நடப்பவை. வரப்புச் சண்டை, குடிபோதை, குடும்பப் பகை, ஒரு நொடி ஆத்திரம் ஆகியவையே காரணம். இவ்வாறு கொன்றவனையும், இரக்கமே இல்லாமல் திட்டமிட்டுப் பலரைக் கொன்றவனையும் ஒரே தராசில் நிறுத்துவது, சளியையும் காசநோயையும் ஒன்று என்பது போலாகும்.

அப்படியானால் திருந்துவது பற்றி என்ன தெரியும்? முதல் தடயத்தைத் தந்தவர் ஒரு வானியல் அறிஞர். பெல்ஜிய நாட்டின் அடால்ஃப் கெட்லே, விண்மீன்களை அளந்த அதே கணக்கு முறைகளைக் கொண்டு பிரெஞ்சு நீதிமன்றப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தார். குற்றம் செய்யும் போக்கு இருபத்தைந்து வயதையொட்டி உச்சத்தை எட்டிப் பின்னர் சரிகிறது என்று 1831-இல் அவர் காட்டினார். உச்ச வயது இடத்துக்கு இடம் மாறினாலும், வளைகோட்டின் வடிவம் பல நாடுகளில் இன்றுவரை இதுவேதான். முன்மூளை முழு வளர்ச்சி பெறுவதும் இருபதுகளின் நடுவில்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

நேதன் லியோபோல்டின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. சிகாகோவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவன், கெட்டிக்கார மாணவன். 1924-இல், தன் 19-ஆம் வயதில், நண்பனோடு சேர்ந்து 14 வயதுச் சிறுவனைக் கொன்றான். பகையோ பணத்தேவையோ இல்லை. பிடிபடாமல் கொல்ல முடியும் என்று காட்டும் திமிர்தான் காரணம். அவர்களுடைய இளவயதை எண்ணி நீதிபதி தூக்குத் தண்டனை தரவில்லை. வாழ்நாள் சிறையும் அதற்கு மேல் 99 ஆண்டுகளும் விதித்தார். லியோபோல்டு சிறையில் கைதிகளுக்குப் பாடம் கற்பித்தார். மலேரியா மருந்து ஆய்வுக்குத் தம் உடலைத் தந்தார். 1958-இல் விடுதலையாகி, போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு மருத்துவமனையில் சிறு சம்பளத்துக்கு உழைத்தார். அங்குள்ள பறவைகளைப் பற்றி நூல் எழுதினார். 1971-இல் இறந்தபோது கண்களைத் தானமாகக் கொடுத்திருந்தார். கொலையுண்ட சிறுவன் திரும்பவில்லை. அந்தக் கடனை எந்தத் தொண்டும் தீர்க்காது. ஆனால் 1924-இல் நின்ற இளைஞனும் 1971-இல் இறந்த முதியவரும் ஒரே மனிதர் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. 1939-இல் மராட்டியப் பகுதியின் ஔந்து சமஸ்தானத்தில், சுதந்திரபூர் என்ற சுவரில்லாச் சிறை தோன்றியது. மாரிஸ் ஃபிரிட்மன் என்ற போலந்து நாட்டுப் பொறியாளரின் யோசனை அது. கொலைக் கைதிகளும் அங்கே நிலத்தை உழுது பயிரிட்டனர். இதையொட்டி 1957-இல் சாந்தாராம் எடுத்த இந்திப் படமே, 1975-இல் தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' ஆயிற்று.

கடினமான பக்கம்

பிறர் வலியை உணராத, குற்ற உணர்வே இல்லாத ஒரு வகையினரை உளவியலார் 'சைக்கோபாத்' என்பர். இவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. ஆயினும் இவர்களைத் திருத்துவது மிகக் கடினம். கனடாவில் ஒரு கடுங்காவல் மனநல மருத்துவமனையில், நோயாளிகள் ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசித் திருந்தும் சிகிச்சை நடந்தது. அதில் பங்கு பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992-இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது. மற்றவர்களுக்கு அச்சிகிச்சை பலன் தந்தது. சைக்கோபாத்களோ சிகிச்சை பெறாதவர்களைவிட மிகுதியாக வன்முறையில் இறங்கினர். பிறர் மனத்தைப் படிக்கக் கற்றதை ஏமாற்றவே பயன்படுத்தினர் போலும்!

ஆனால் இதுவும் இறுதித் தீர்ப்பு அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மெண்டோட்டா என்னுமிடத்தில், 1995 முதல் மிகக் கொடிய இளங்குற்றவாளிகளுக்கு வேறொரு முறை கையாளப்பட்டது. தண்டனையைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நல்ல நடத்தைக்கும் உடனுக்குடன் சிறு பரிசு. இந்த முழுச் சிகிச்சையைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவினர் வெளியே சென்ற சில ஆண்டுகளில் 16 பேரைக் கொன்றிருந்தனர். சிகிச்சை பெற்ற குழுவினரோ ஒருவரையும் கொல்லவில்லை. கனடாவில் தோற்றது அந்த மருந்து. நோய்க்கு மருந்தே இல்லை என்று அதனால் ஆகிவிடாது.

நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி

இதெல்லாம் அறிஞர்களின் பொழுதுபோக்கு வாதம் அல்ல. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு என்றது. குற்றவாளி திருந்த வாய்ப்புண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அவன் திருந்தமாட்டான் என்று அரசுதான் சான்று காட்ட வேண்டும் என்றும் சொன்னது. குற்றவாளியின் மனநிலை அறிக்கையைப் பெற வேண்டும் என்று 2022-இல் மீண்டும் வலியுறுத்தியது. ஆகவே, 'இவன் திருந்துவானா?' என்ற கேள்விக்கு அறிவியல் தரும் விடையில் ஓர் உயிர் தொங்குகிறது. அங்கே லொம்புரோசோவைப் போல அவசரப்பட்டால் விளைவு என்னவாகும்?

இயற்பியல் இங்கே ஓர் எச்சரிக்கை தருகிறது. முன்பு சொன்ன ஃபுளூரின்-18 அணுக்களில் சரிபாதி 110 நிமிடங்களில் சிதைந்துவிடும். இது உறுதி. ஆனால் ஓர் அணுவைச் சுட்டி, 'இது சிதையுமா?' என்று கேட்டால் உலகின் எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றிய அறிவு வேறு. தனி ஒன்றைப் பற்றிய அறிவு வேறு. அணுவின் நிலையே இதுவென்றால், மனிதனைப் பற்றி இன்னும் எவ்வளவு அடக்கத்தோடு பேச வேண்டும்! அணுவுக்காவது வயது ஏறினால் எதுவும் மாறுவதில்லை. மனிதனோ வளர்கிறான், கற்கிறான், சில வேளைகளில் வருந்தவும் செய்கிறான்.

ஆபத்தானவனைச் சமூகத்திலிருந்து விலக்கிக் காவலில் வைப்பது தேவையே. அவன் உண்மையில் மாறினானா என்று ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதும் தேவையே. ஆனால் 'இவன் பிறவியிலேயே இப்படி' என்று ஒரு மனிதனின் கணக்கை மூடிவிட இன்று எந்தக் கருவிக்கும் தகுதி இல்லை. அடுத்த முறை ஆய்வகத்தில் மண்டையோட்டைக் கையில் எடுக்கும்போது அந்தக் கோடுகளைக் கவனியுங்கள். அவை எலும்பின் பொருத்துகள் மட்டுமே.