உழவு மண்ணும் ஹெட்போனும்

நமக்கு மெட்டல் டிடெக்டர் என்றால் விமான நிலையமும் கோயில் வாசலும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அறுவடை முடிந்த வயலில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீளக் கழியை இடமும் வலமுமாக வீசியபடி நடக்கும் மனிதர் அந்நாட்டுக் கிராமப்புறத்துக்குப் பழகிப்போன காட்சி. அரை நூற்றாண்டில் அந்த நடையும் வயலும் அதிகம் மாறவில்லை. மாறியவை கருவி, சட்டம், ஊரார் பார்வை.

தொடக்கத்தில் இது மருத்துவத்துக்கும் போருக்கும் பிறந்த கருவி. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிவிட்ட துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒன்றைச் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காணும் கருவி வட ஆப்பிரிக்கப் பாலைவனம் வரை போனது. போர் முடிந்து சில ஆண்டுகளில் அது வயலுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் கருவியில் ஓயாத ரீங்காரம் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். சுருளுக்கு அடியில் உலோகம் வந்தால் சுருதி மாறும். மண்ணின் ஈரமும் அதைக் கலைத்துவிடும். ஆகவே குமிழைத் திருகியபடியேதான் நடக்க வேண்டும். லாட ஆணி, தோட்டா மூடி, ரோமானியக் காசு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே குரல். எது என்று அறியத் தோண்டித்தான் ஆக வேண்டும். இன்றைய கருவி ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை மண்ணுக்குள் அனுப்பி, திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது; இரும்புக்குத் தாழ்ந்த உறுமல், வெள்ளிக்கு உயர்ந்த மணியோசை. குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையத்தையும் தங்க மோதிரத்தையும் மட்டும் அது இன்னமும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இரும்பு என்று கருவி சொன்னதும் ஆள் குனியாமல் நகர்ந்துவிடுகிறார். கத்தி, பூட்டு, கலப்பைக் கொழு, படகின் ஆணி என்று பழைய வாழ்க்கை பெரும்பாலும் இரும்பால் ஆனது. இப்படிக் கண்டெடுத்த பொருள்களுக்கு இன்று அங்கே ஒரு பதிவேடு உண்டு; வெள்ளிக் காசுகளும் செம்புக் கொக்கிகளும் லட்சக்கணக்கில் பதிவாகியிருக்க, இரும்பு அதில் மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் கத்திய பழைய கருவி இந்த ஒரு விஷயத்தில் நேர்மையானது.

சட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொன்னும் வெள்ளியும் அரசுக்குச் சேர வேண்டுமானால், புதைத்தவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தார் என்று நிறுவ வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவரின் எண்ணத்தை யார் சொல்வது? 1939-ல் சட்டன் ஹூவில் ஓர் ஆங்கிலோ-சாக்சன் அரசனின் கப்பல் கல்லறை பொன்னோடு வெளிப்பட்டபோது, அது இறந்தவருக்காக வைத்தது, திரும்ப எடுக்க அல்ல என்று விசாரணையில் முடிவாயிற்று. எனவே பொருளெல்லாம் நிலத்துக்கு உரியவரான எடித் பிரிட்டிக்குச் சொந்தம். அவர் அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். ஒரு நாட்டின் பெரும் செல்வம் ஒரு பெண்மணியின் நல்ல மனதால் தப்பியது, சட்டத்தால் அல்ல.

எழுபதுகளில் கருவி மலிந்தபோது தொல்லியலாளர்கள் கலங்கினார்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979-ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, எங்கள் கடந்த காலத்தை எடுத்துச்செல்லாதீர்கள் என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கம் தொடங்கியது. கழியோடு வயலில் நிற்பவரெல்லாம் கொள்ளைக்காரர் என்பது அன்று படித்தவர்களின் பொது எண்ணம். நார்ஃபோக் மாவட்டத்து மியூசியத்தார் மட்டும் வேறு வழியில் போனார்கள். கிடைத்ததைக் கொண்டுவாருங்கள், எங்கே கிடைத்தது என்று சொல்லுங்கள், பதிந்துகொண்டு திருப்பித் தருகிறோம் என்றார்கள். பின்னால் நாடு முழுதும் வந்த ஏற்பாட்டுக்கு வித்து அங்கே விழுந்தது.

பொது எண்ணத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சர்ரே மாவட்டத்து வான்பரோவில், எண்பதுகளின் தொடக்கத்தில், கருவியோடு சென்ற சிலர் பழங்காசுகளைக் கண்டு முறையாகத் தெரிவித்தார்கள். விசாரணையின்போது இடத்தின் பெயர் வெளியே தெரிந்துவிட்டது. பிறகு இரவுகளில் டார்ச் விளக்கோடு ஆட்கள் வந்தார்கள். ரோமானியர் காலக் கோயில் ஒன்று குழிகுழியாகக் குடையப்பட்டது. ஆயிரக்கணக்கான காசுகள் ஊர்பேர் இல்லாமல் சந்தைக்குப் போயின. திருட்டு வழக்கில் கிடைத்த தண்டனையும், புதைத்தவரின் எண்ணம் பற்றிய அந்தப் பழைய கேள்வியால், மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

அடுத்த பத்தாண்டில், 1992 நவம்பரில், சஃபோக்கின் ஹாக்சன் கிராமத்தில் எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற மனிதர், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு வயலில் இறங்கினார். வெளிவந்தவை வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும். சிலவற்றை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தி, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, அடுக்கிவைத்த வரிசை கலையாமல் எடுத்தார்கள். அதனால்தான் அது ஒரு மரப்பெட்டி, உள்ளே சிறு பெட்டிகளுக்குப் பூட்டுகள் இருந்தன என்பதெல்லாம் தெரிந்தது. மொத்தம் 14,865 காசுகள். வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துப் பார்த்தால் விளிம்பு வட்டமாக இல்லை; சுற்றிலும் கத்தரித்து, மன்னன் முகத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். ரோமிலிருந்து புதுக்காசு வருவது நின்றுபோன நாட்டில், இருந்த காசைச் சீவி வெள்ளி சேர்த்தவர்களின் வேலை அது. வான்பரோவின் காசுகளும் ஏதேனும் சொல்லியிருக்கும். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

புதிய புதையல் சட்டம் 1996-ல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. புதைத்தவரின் மனதை ஆராயும் வேலை போயிற்று. 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளா, பொன்னோ வெள்ளியோ பத்தில் ஒரு பங்காவது உண்டா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். 14 நாளுக்குள் கொரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான் புதையலையும் விசாரிக்கிறார். அந்த ஏற்பாடு மட்டும் இடைக்காலத்திலிருந்து மாறவில்லை. மியூசியம் வாங்கினால், சந்தை மதிப்பு கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் வழக்கமாகச் சரிபாதி. முன்பு ஆண்டுக்கு 25 அளவில் இருந்த புதையல் வழக்குகள் இன்று 1,000-ஐத் தாண்டுகின்றன. புதையல் அல்லாத சாதாரணப் பொருள்களை விருப்பத்தின்பேரில் பதியும் திட்டமும் 1997-லேயே தொடங்கியது. 15 லட்சத்துக்கு மேல் பதிவாகிவிட்டன. முன்பு தீப்பெட்டியில் போட்டு மேசை அறையில் கிடந்த காசுக்கு இன்று எடை, படம், வயலின் எந்த மூலை என்ற கணக்கு எல்லாம் உண்டு. பொதுமக்கள் பார்வைக்கு மட்டும் இடத்தைத் தோராயமாகவே காட்டுகிறார்கள். வான்பரோ கற்பித்த பாடம் அது.

இதனால் பெற்றதைக் காட்ட ரெண்டில்ஷம் ஒன்று போதும். சட்டன் ஹூவுக்குச் சில மைல் தூரத்தில் உள்ள ஊர். அங்கே அரச இருப்பிடம் இருந்தது என்று எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிவைத்திருந்தார், இடம் தெரியவில்லை. இரவுத் திருடர்கள் வயலில் நுழைகிறார்கள் என்று நிலத்துக்காரர் முறையிட்டதால், 2008 முதல் பொழுதுபோக்காளர் நால்வர் தொல்லியலாளர்களோடு சேர்ந்து அந்த வயல்களை ஆண்டுக்கணக்கில் நடந்தே அளந்தார்கள். காசும் ஊசியும் பொன் துணுக்குமாகப் புள்ளிகள் சேர்ந்து, அரசர் இருந்த இடம் வரைபடத்தில் தெளிந்தது. முப்பது ஆண்டுக்கு முன் இப்படி ஒரு கூட்டணியைச் சொல்லியிருந்தால் இரு தரப்பும் சிரித்திருக்கும்.

இழந்ததும் இருக்கிறது. அன்று பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, வாய்வார்த்தையில் அனுமதி வாங்கினார்கள். இன்று ஒப்பந்தத்தாள், பங்கு விகிதம், காப்பீடு. தனியாளின் நடையாக இருந்தது, நுழைவுக் கட்டணம் செலுத்தி நூற்றுக்கணக்கானவர் ஒரே வயலில் இறங்கும் திருவிழாவாகவும் ஆகியிருக்கிறது. ஸ்டாஃபர்ட்ஷயரில் 2009-ல் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் பொன்னுக்கு 32.85 லட்சம் பவுண்டு மதிப்பிட்டார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு, இதை வெறும் பொழுதுபோக்கு என்று எல்லோராலும் நினைக்க முடியாது.

2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாட்லிங்டனில் ஒருவர் வைக்கிங் காலக் குவியலைக் கண்டு தெரிவித்தார். மண்ணோடு கட்டியாகவே வெட்டி எடுத்தார்கள். சுமார் 200 காசுகளில் சிலவற்றில் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடின் பெயர், சிலவற்றில் மெர்சியா மன்னர் கியோல்வுல்ஃபின் பெயர், ஆனால் ஒரே அச்சு வடிவம். கைப்பாவை என்று வரலாறு ஒதுக்கிய கியோல்வுல்ஃப், ஆல்ஃபிரடுக்குக் கூட்டாளியாக இருந்தார் என்பதற்கு அது சான்று. அதே ஆண்டு ஹெர்ஃபோர்ட்ஷயரில் இருவருக்கு அதே வகைக் காசுகள் உள்ள இன்னும் பெரிய குவியல் கிடைத்தது. அவர்கள் சொல்லவில்லை, விற்றார்கள். 2019-ல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகளில் அதுவரை மீண்டவை 31.

புதிய சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 2010-ல் கம்ப்ரியாவின் கிராஸ்பி காரெட்டில், முகமூடியோடு கூடிய ரோமானியக் குதிரை வீரன் தலைக்கவசம் கிடைத்தது. செம்புக் கலவை என்பதால் அது சட்டப்படி புதையல் அல்ல. கார்லைல் நகர மியூசியம் நிதி திரட்டியும் ஏலத்தில் எட்டவில்லை. 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்துப் பெயர் சொல்லாத ஒருவர் வாங்கிப் போனார். எந்த உலோகமானாலும், 200 ஆண்டுக்கு மேற்பட்டதாய், வரலாற்றில் தனிச்சிறப்புடையதாய் இருந்தால் புதையலே என்று 2023 ஜூலையில் விதியைத் திருத்தினார்கள். திருத்தம் அதற்குப் பின் கிடைப்பவற்றுக்குத்தான் செல்லும். அந்தக் கவசத்துக்குச் செல்லாது.