பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு வரவு செலவு

1980 வாக்கில், மழையை மட்டுமே நம்பிக் கிடந்த நாட்ராம்பாளையத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றிவைத்துப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார் குழந்தை பிரான்சிஸ். 1979-ல் அவர் தொடங்கியதுதான் கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லோரும் 'ஐ.வி.டி.பி.' என்று சொல்லும் தொண்டு நிறுவனம்.

கந்துவட்டியின் சூட்டை வீட்டிலேயே கண்டவர் அவர். மகனைப் படிக்கவைக்க, தெருவில் பலகாரம் விற்ற அம்மா வட்டிக்குப் பணம் வாங்கினார். இருந்த துண்டு நிலமும் அதில் போனது. பிறகு குருமடத்தில் சேர்ந்த பிரான்சிஸை, வங்கதேச அகதிகள் முகாமில் செய்த பணி சமூக சேவைக்கு இழுத்தது.

பள்ளி, முதலுதவி மையம், அடுத்து தண்ணீர். 22 ஆண்டுகளில் சுமார் 60 கிராமங்களுக்காக 331 சிறு தடுப்பணைகள் எழுந்தன.

திட்டம் முடிந்தால் நன்கொடையும் நின்றுவிடும். எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் உள்ள தலைவலி இது. 1989-ல் பிரான்சிஸ் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பக்கம் திரும்பியபோது, நிதி கிளம்பும் இடமே மாறியது. தமிழக அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டமும் அதே ஆண்டில், கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது.

குழுக் கணக்கு எளிமையானது. 20 பேர், வாரம் ஆளுக்கு 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10,400 ரூபாய். அதைப் பூட்டிவைப்பதில்லை. ஒருத்திக்குக் கறவை மாடு, இன்னொருத்திக்கு மகளின் பள்ளிக் கட்டணம் என்று உள்கடனாகப் போகும். வட்டி குழுவுக்கே திரும்பும். யாருக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் பேசி முடித்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். 1992-ல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு தொடங்கிய பிறகு, நிலப் பத்திரம் இல்லாத பெண்களுக்கு இந்த நோட்டுகளே வங்கிக் கதவைத் திறந்தன.

2012-ல் பிரான்சிஸுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அப்போது கிருஷ்ணகிரியிலும் பக்கத்து இரண்டு மாவட்டங்களிலும் 8,231 குழுக்கள். அவற்றில் 1,53,990 பெண்கள். அவர்களுடைய சேமிப்பு சுமார் 4 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய்க்கு மேல்.