மங்கும் மின்குமிழும் மலரும் நாதமும்

நெடுந்தீவு, நயினாதீவு மக்களுக்கு மின்னழுத்தத் தொய்வை நாம் விளக்க வேண்டுவதில்லை. நாட்டின் பொது மின்தொடரோடு இணையாது டீசல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்த தீவுகள் அவை. வெயிலையும் காற்றையும் துணைகொள்ளும் கலப்பு மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானதே 2024 மார்ச்சில்தான். சுமை ஏறினால் மின்குமிழ் மங்கும். வால்வு பொருத்திய பழைய கித்தார் ஒலிபெருக்கியிலும் இதுவே நிகழ்ந்தது. தந்தியை ஓங்கி மீட்டியதும் உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். நாதம் அமுங்கிப் பின் மெல்ல மலரும். குறைபாடுதான், ஆயினும் செவி அதனை விரும்பிவிட்டது!

அவ்வொலிபெருக்கிகளைக் கணக்கினாலே படைத்துக்காட்டும் டிஜிட்டல் கருவிகள், 2015இல் வெளிவந்த 'ஹீலிக்ஸ்' போன்றவை, இக்குறைபாட்டையும் விடவில்லை. 'ஸாக்' என்னும் அமைப்பு அதுவே. ஏற்றினால் நாதம் குழைந்து நீளும். இறக்கினால் விரலுக்கு உடனே விடை வரும். 'பயஸ்' என்பது வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தைப் பற்றியது.

இவற்றை எவ்வளவு திருகியும் மாற்றம் கேளாத மாணவர், கருவியே பழுதென எண்ணிப் புதிது வாங்கித் தருமாறு பெற்றோரை நச்சரிப்பதுண்டு. பணத்தைச் செலவிடுமுன் 'மாஸ்டர்' எங்கே நிற்கிறதென்று பார்க்க. அது தாழ்ந்திருந்தால் மற்றவை பெரிதும் வேலை செய்யா. அதனை ஏற்றி, மிகும் ஓசையைச் 'சனல் வொல்யூம்' கொண்டு தணித்து, பின்னர் 'ஸாக்'கைத் தொடுக.