நீச்சல் குளத்துத் தண்ணி பால் மாதிரி கலங்குதா? ஃபில்டரை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் எடுங்க

68,000 ரூபாய். என் நண்பர் ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல வந்த கொட்டேஷன் இது. திண்டுக்கல்ல இருந்து நத்தம் போற ரோட்டுல, சிறுமலை அடிவாரம் பக்கமா நாலு ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன பண்ணை வீடு வாங்கினாங்க. வார இறுதிக்குப் போக, மத்த நாள்ல வாடகைக்கு விட. வீட்டோட 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழத்துல ஒரு நீச்சல் குளமும் இருந்துச்சு. வாங்கி எட்டாவது மாசம் தண்ணி அரிசி களைஞ்ச கழனி மாதிரி ஆயிடுச்சு. வந்து பார்த்தவர் சொன்னது: "ஃபில்டர் போச்சு சார். புது ஃபில்டர், புது மணல், மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டு லாரித் தண்ணி, கெமிக்கல், கூலி."

ஆளுக்கு 17,000. அதுல ஒருத்தர் சம்பளம் 32,000. இஎம்ஐ போக அவர் கையில நிக்கறதே அவ்வளவுதான்.

கடைசியில அவங்க செலவு பண்ணினது 9,400 ரூபாய். ஃபில்டர் மாத்தல, தண்ணியையும் இறைக்கல. என்ன பண்ணினாங்கன்னு கேட்டா கொஞ்சம் சிரிப்பா இருக்கும். முதல் வேலை, ஒரு கண்ணாடி டம்ளரும் கொஞ்சம் வெள்ளை வினிகரும்.

டம்ளர்ல குளத்துத் தண்ணியை எடுத்து வெளிச்சத்துல பாருங்க. கலங்கலா இருக்கா? அதுல ரெண்டு ஸ்பூன் வினிகர் விட்டுக் கலக்குங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி தெளிஞ்சுட்டா, உங்க பிரச்சினை அழுக்கு இல்ல, சுண்ணாம்பு. தெளியலைன்னா மண்ணு, பாசி, எண்ணெய்ப் பசை இதுல ஏதோ ஒண்ணு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமத்தான் நிறைய பேர் பணத்தைத் தண்ணியில கொட்டறாங்க.

திண்டுக்கல்காரங்களுக்கு சுண்ணாம்பு பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்ல. போர் தண்ணியில சோப்பு நுரைக்காது, பருப்பு லேசுல வேகாது, கீசர் காயில்ல வெள்ளையா ஓடு கட்டும். பாறை நிலம், ஆழமான போர். தோல் தொழிற்சாலைங்க இருந்த பக்கங்கள்ல நிலத்தடி நீர் இன்னும் உப்பாகிப் போன கதை ஊருக்கே தெரியும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத் தண்ணியோ காவிரித் தண்ணியோ வர்ற டவுன் குழாய் வேற, பண்ணை வீட்டு போர் வேற. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழி இல்லைன்னா 600 வரைக்கும் போகலாம்னு இருக்கு. நீச்சல் குளத்துக்கு 200-ல இருந்து 400-க்குள்ள இருந்தா வசதி. நம்ம நண்பரோட போர் தண்ணி 600-ஐ ஒட்டி. அதாவது முதல் நாள் நிரப்பும்போதே எல்லை தாண்டின தண்ணி.

இங்கதான் ஒரு கணக்கு. சேமிப்புல கூட்டு வட்டி எப்படி வளருதுன்னு நம்ம வீடியோக்கள்ல அடிக்கடி பார்க்கறோம் இல்லையா, ஏறத்தாழ அதே மாதிரி குளத்துல உப்பு சேருது.

வெயில்ல குளத்துத் தண்ணி ஆவியாகுது. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்குதுன்னு வச்சுக்குவோம். 200 சதுர அடி குளத்துல அது 90 லிட்டருக்கு மேல. மாசம் சுமார் 2,800 லிட்டர். ஆவியாகிப் போறது வெறும் தண்ணி மட்டும். சுண்ணாம்பு குளத்துலயே தங்கிடும். அந்த 2,800 லிட்டருக்குப் பதிலா மறுபடியும் 600 கடினத்தன்மை உள்ள போர் தண்ணியை விடறீங்க. அதோட கிட்டத்தட்ட 1.7 கிலோ சுண்ணாம்புச் சத்து உள்ள வருது. குளத்தோட கொள்ளளவு சுமார் 22,600 லிட்டர். வகுத்துப் பார்த்தா மாசத்துக்கு 75 பிபிஎம் ஏறுது. எட்டு மாசத்துல 600, அதாவது ஆரம்பிச்ச அளவுக்கு இன்னொரு மடங்கு. தண்ணி அவ்வளவையும் கரைச்சு வச்சுக்க முடியாம வெளிய தள்ளுது. அதுதான் பால் நிறம், டைல்ஸ் ஓரத்து வெள்ளைக் கோடு, ஃபில்டர் மணல்ல கட்டி.

இதுக்கு மேல நாமளே ஒரு தப்பு பண்றோம். தண்ணி கலங்கினா கை முதல்ல போறது பிளீச்சிங் பவுடர்கிட்ட. அது சுண்ணாம்புல இருந்து செய்யறது. கடினத்தன்மையையும் ஏத்தும், பிஎச்-ஐயும் ஏத்தும். பிஎச் ஏறினா கரைஞ்சிருக்கற சுண்ணாம்பும் பிரிஞ்சு வெளிய வரும். போடப் போடக் கலங்கும், கலங்கக் கலங்கப் போடுவோம். நண்பர் வீட்டுத் தோட்டக்காரர் ஒரு மாசத்துல ஒரு மூட்டையே காலி பண்ணியிருந்தார். அவர் மேல தப்பே இல்ல, அளந்து பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லல.

அதனால முதல்ல வாங்க வேண்டியது டெஸ்ட் கிட். பிஎச், குளோரின், ஆல்கலினிட்டி, கடினத்தன்மை நாலும் பார்க்கற மாதிரி சொட்டு மருந்து கிட்டா வாங்குங்க. பேனா மாதிரி இருக்கற டிடிஎஸ் மீட்டர் போதாது. மொத்த உப்பு எவ்வளவுன்னு அது சொல்லும், அதுல சுண்ணாம்பு எவ்வளவுன்னு சொல்லாது. போர் தண்ணியை ஒரு தடவை குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டிப் பரிசோதிச்சு வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. குளத்துல பிஎச் 7.2-ல இருந்து 7.8-க்குள்ள, குளோரின் 1-ல இருந்து 3 பிபிஎம், ஆல்கலினிட்டி 80-ல இருந்து 120. இந்த எண்களைச் சுவத்துல எழுதி ஒட்டிடுங்க.

நண்பர் குளத்துல பிஎச் 8.2-க்கு மேல. அதை இறக்க நீச்சல் குளத்துக்குன்னே விக்கற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்கினாங்க. நிறமும் வாசனையும் சேர்த்த பாத்ரூம் ஆசிட் வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணியில 250 மில்லி ஆசிட்டை ஊத்திக் கலந்து, பம்ப் ஓடும்போது சாயங்காலம் குளத்தைச் சுத்தி ஊத்தி, நாலு மணி நேரம் கழிச்சு அளந்து, தேவைப்பட்டா மறுநாள் இன்னொரு தடவை. ஒரேயடியா இறக்கக் கூடாது. தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இன்னொண்ணு, இதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தா விஷ வாயு வரும். பிளீச்சிங் பவுடரையும் டிசிசிஏ குளோரின் மாத்திரையையும் ஒரே டப்பாவுல போட்டா தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ரெண்டுக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தறது கூட ஆபத்து. பண்ணை வீட்டு மோட்டார் ரூம்ல எல்லாத்தையும் ஒரே மூலையில அடுக்கி வச்சிருப்பாங்க, போனதும் முதல் வேலையா அதைப் பிரிச்சு வைங்க.

ஃபில்டர் உண்மையிலேயே போயிடுச்சா?

மணல் ஃபில்டர் மேல ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். பம்ப் நிக்கும்போது அது பூஜ்யம் காட்டணும். காட்டலைன்னா கேஜ்தான் கெட்டுப் போயிருக்கு, விலை சில நூறு ரூபாய். பேக்வாஷ் பண்ணி முடிச்ச உடனே என்ன காட்டுதோ அதைக் குறிச்சு வைங்க. அதுல இருந்து 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினா மறுபடி பேக்வாஷ் பண்ணணும். ஏறாம இருக்கும்போது பண்ணத் தேவையில்ல. கொஞ்சம் அழுக்கு படிஞ்ச மணல்தான் நல்லா வடிகட்டும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளற பம்ப்ல மூணு நிமிஷ பேக்வாஷ்னா 500 லிட்டர் போச்சு. தினமும் பேக்வாஷ் பண்ற வீடுகள் இருக்கு. திண்டுக்கல்ல 500 லிட்டர் தண்ணியோட மதிப்பு என்னன்னு சித்திரை மாசத்துல குடம் தூக்கினவங்களைக் கேளுங்க. (வால்வைத் திருப்பும் முன்னாடி பம்பை நிறுத்திடுங்க. ஓடும்போதே திருப்பினா உள்ள இருக்கற கேஸ்கெட் பிஞ்சுடும், அப்புறம் தண்ணி வடிகட்டாமலே குளத்துக்குத் திரும்பும்.)

பிரஷர் வழக்கத்தைவிடக் குறைவா இருந்தா ஃபில்டரைத் தொடாதீங்க. ஸ்கிம்மர் கூடையில இலை அடைச்சிருக்கும், தண்ணி மட்டம் இறங்கியிருக்கும், இல்ல பம்ப் காத்து இழுக்கும். குளத்தோட தரையில மணல் வருதுன்னா ஃபில்டருக்குள்ள அடியில இருக்கற பிளாஸ்டிக் விரல் மாதிரி குழாய் உடைஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தலாம், டேங்க் மாத்தத் தேவையில்ல.

பிரஷர் சரி, வால்வ் சரி, பாசியும் இல்ல, ஆனா தெளியவே இல்லையா? மூடியைத் திறந்து மணலைக் கையால கிண்டிப் பாருங்க. நண்பர் வீட்டுல மேல் பாதி மணல் சுண்ணாம்பு கட்டி, சிமென்ட் கலவை காஞ்ச மாதிரி இருந்துச்சு. கட்டியைச் சுத்தி வழி பண்ணிக்கிட்டு தண்ணி அப்படியே ஓடியிருக்கு. சாதாரணமா ஃபில்டர் மணல் அஞ்சு வருஷம் வரும், உப்புத் தண்ணியில சீக்கிரமே இறுகிடும். அவங்க மணல் மட்டும் மாத்தினாங்க. 9,400-ல பெரும்பகுதி அதுக்குத்தான் போச்சு. அளவு பார்த்துச் சலிச்ச ஃபில்டர் மணல்தான் போடணும், கட்டட வேலைக்கு வந்த மணல் மிச்சம் இருக்கேன்னு அதைப் போட்டுடாதீங்க. அப்புறம் பம்பை ராத்திரி பகலா மூணு நாள் ஓட விட்டாங்க. நாலாவது நாள் தரை டைல்ஸ்ல இருந்த மீன் படம் தெரிஞ்சுது.

வினிகர்ல தெளியாத கலங்கல்னா வழி வேற. ஆடிக் காத்துல வர்ற செம்மண் தூசியை ஃபில்டர் ஓட்டறதே சரி பண்ணிடும். பச்சை கலந்து, சுவர் வழுக்குதுன்னா பாசி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு குளோரினை ஏத்தணும். வாடகைக்கு வந்த கூட்டம் எண்ணெய் தேச்சுக் குளிக்காம குதிச்சிருந்தாலும் தண்ணி மங்கும், அதுக்கும் குளோரின்தான். எந்தக் கலங்கலா இருந்தாலும் தரை கண்ணுக்குத் தெரியாத குளத்துல ஒருத்தரையும் இறக்காதீங்க. முழுகின குழந்தை மேல இருந்து பார்த்தா தெரியாது. வாடகை அட்வான்ஸ் வாங்கிட்டோமேன்னு பார்க்கற நேரம் இல்ல அது. திருப்பிக் கொடுத்துடுங்க.

லாரித் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி

6,000 லிட்டர் லாரின்னா இந்தக் குளத்துக்கு நாலு லோடு வேணும். லோடு 1,500-ன்னு வச்சாலே 6,000 ரூபாய். லாரிக்காரர் எடுக்கறதும் யாரோ ஒருத்தரோட போர்லதான். ஒரு பாட்டில் சாம்பிள் வாங்கி கடினத்தன்மை பார்க்காம காசு கொடுத்தா, அதே சுண்ணாம்பைப் புதுசா வாங்கின மாதிரிதான் ஆகும்.

இதைவிட மலிவான நல்ல தண்ணி உங்க மொட்டை மாடியில விழுது. மழைத் தண்ணியில கடினத்தன்மை கிட்டத்தட்ட கிடையாது. 100 சதுர மீட்டர் மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1,000 லிட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர், அதுல 80 சதவீதம் பிடிக்க முடிஞ்சதுன்னு கணக்கு போட்டா 64,000 லிட்டர். குளத்துக்கு ஆவிக்கு ஈடா வருஷம் முழுக்கத் தேவைப்படறது ஏறத்தாழ 33,000 லிட்டர்தான். நம்ம மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில மொத்தமா வர்றதால எல்லாத்தையும் தேக்கி வைக்க முடியாது, ஒத்துக்கறேன். பாதி கிடைச்சாலும் உப்பு ஏறற வேகம் பாதியாகும். 2003-ல இருந்து தமிழ்நாட்டுல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழாய் ஏற்கெனவே இருக்கும். முதல் மழைத் தண்ணியை வெளிய விட்டுட்டு, அடுத்ததை ஒரு சல்லடை வச்சு குளத்துக்குத் திருப்பணும், அவ்வளவுதான் செலவு.

குளோரினுக்கும் இதே யோசனை. பிளீச்சிங் பவுடர்ல சுண்ணாம்பு சேரும். டிசிசிஏ மாத்திரையில சயனூரிக் ஆசிட் சேரும், அது 100 பிபிஎம்-ஐத் தாண்டினா குளோரின் இருந்தும் வேலை செய்யாது, தண்ணியை மாத்தறதுதான் வழி. திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்ல ரெண்டும் கிடையாது, ஆனா வெயில்ல வீரியம் சீக்கிரம் போயிடும். என் ஓட்டு திரவத்துக்கு. சின்ன கேனா வாங்கி நிழல்ல வைங்க, மலிவா கிடைக்குதுன்னு ஆறு மாசத்துக்குச் சேர்த்து வாங்காதீங்க.

கரன்ட் பில்

1 எச்பி பம்ப் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் 8 மணி நேரம் ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். வீட்டு இணைப்புல ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் அடுக்கு யூனிட்டுக்கும் கட்டணம் கூடும், 500-க்கு மேல யூனிட் 8 ரூபாய்க்கும் அதிகம். இந்த அளவு குளத்துக்கு 4, 5 மணி நேரமே தண்ணியை ரெண்டு சுத்து வடிகட்டப் போதும். குளோரின் அளவும் தெளிவும் நிக்குதான்னு பார்த்துக்கிட்டே தினம் அரை மணி நேரமா குறைச்சுப் பாருங்க.

தோட்டத்து இலவச மின் இணைப்புல இருந்து குளத்துக்கு ஒரு வயர் இழுத்துடலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை வேற வேலைக்குப் பயன்படுத்தினா மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி அந்த உபயோகத்துக்கு உரிய கட்டணத்துல ரெண்டு மடங்கு போடலாம். நாலு பேர் பேர்ல பத்திரம் இருந்தா நாலு பேருக்கும் தலைவலி.

நண்பர்கள் இப்ப மாசம் ஆளுக்கு 500 ரூபாய் ஒரு ஆர்டியில போடறாங்க. வருஷத்துக்கு 24,000 சேரும். அடுத்த மணல், பம்ப் சீல், கெமிக்கல் எல்லாம் அதுல இருந்து. பராமரிப்பு ஆள்கிட்ட ஏஎம்சி போடும்போது ஒரே ஒரு வரி சேர்த்துக்கிட்டாங்க: ஒவ்வொரு தடவை வரும்போதும் பிஎச், குளோரின், கடினத்தன்மை, கேஜ் பிரஷர் நாலையும் நோட்டுல எழுதி போட்டோ அனுப்பணும். முதல் மாசம் அவர் முணுமுணுத்தார். மூணாவது மாசம், பிஎச் 7.9-ன்னு போட்டோ வந்ததும் அவரே, "சார், ஆசிட் கால் லிட்டர் போதும்"னு மெசேஜ் போட்டார்.