பாவையும் பொறியும்: செயற்கை மனிதர் பற்றிய சில சிந்தனைகள்

முன்னுரை

சென்ற ஓண விடுமுறைக்கு என் பேத்தி நெய்யாற்றின்கரையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் மாலை தொலைக்காட்சியில் ‘எந்திரன்’ படம் ஓடிற்று. கடைசிக் கட்டத்தில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றாய்ச் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாறித் துவம்சம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என் பக்கம் திரும்பி, “தாத்தா, சிட்டி இத்தனை பேரைக் கொன்னுச்சே, அதுக்குப் பாவம் ஒட்டுமா?” என்று கேட்டாள். எறும்பைக்கூட மிதிக்காதே என்று சொல்லி வளர்க்கப்படும் சமணக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா, அப்படித்தான் கேட்பாள். “ஒட்டாதும்மா, அது உயிரில்லாத பொருள்” என்றேன். “அப்ப யாருக்கு ஒட்டும்?” என்றாள்.

நாற்பது ஆண்டு அரிசி வியாபாரத்தில் எடை போட்டே பழகிய எனக்கு, இதை மட்டும் உடனே நிறுத்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புரட்டிய நூல்களும் பார்த்த படங்களும்தான் இக்கட்டுரை.

பழந்தமிழில் பாவையும் பொறியும்

செயற்கை மனிதர் என்றதும் அது மேல்நாட்டுச் சரக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களில் கொல்லிப்பாவை பேசப்படுகிறது. கொல்லிமலையில் தெய்வத்தால் அமைக்கப்பட்ட அழகிய பெண்ணுருவம் அது. தீங்கு செய்ய வருவோரைக் கண்டால் நகைத்து மயக்கிக் கொன்றுவிடும் என்று பிற்கால விளக்கங்கள் கூறும். காவலுக்கென்று செய்துவைத்த பெண் வடிவம், தானே இயங்கும், தானே கொல்லும். இன்றைய படக்காரர்கள் சொல்வதற்கு ஏறக்குறைய இதுதானே?

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்த பொறிகளின் பட்டியல் வருகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் வில்லும், குரங்கு வடிவில் அமைந்த பொறியும் அதில் உண்டு. உதயணன் கதையிலோ ஒரு பொறியானை வருகிறது. யாழிசையால் மதயானையையும் வசப்படுத்த வல்லவன் உதயணன். அவனைப் பிடிக்க உஞ்சை வேந்தன் பிரச்சோதனன் யானை வடிவில் ஒரு பொறியைச் செய்து, அதன் உள்ளே வீரர்களை மறைத்துக் காட்டில் நிறுத்தினான். உண்மை யானை என்று நம்பி அருகில் போனவன் சிறைப்பட்டான்.

திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது. அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியை அறிந்த சச்சந்த மன்னன், கருவுற்றிருந்த அரசி விசயையை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரிட்டு மாண்டான். வானில் போகும்போது கட்டியங்காரனின் வெற்றி முரசைக் கேட்டு அரசி மயங்கினாள். மயில் சுடுகாட்டில் இறங்கிற்று. அங்கேதான் சீவகன் பிறந்தான். உ.வே.சாமிநாதையர் 1887இல் இந்நூலைப் பதிப்பிக்கும்போது அதன் பொருளை விளங்கிக்கொள்ளக் குடந்தைச் சமணப் பெருமக்களை நாடினார் என்பதை இங்கு நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு பொறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யானை சிறைப்பிடித்தது, மயில் காப்பாற்றியது. பொறியில் வேற்றுமை இல்லை, ஏவியவர் மனத்தில்தான் வேற்றுமை.

‘ரோபோ’ என்ற சொல்லும் நமது வட்டமும்

‘ரோபோ’ என்ற சொல் பிறந்தது செக் மொழியில். காரல் சாப்பெக் என்ற எழுத்தாளர் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ என்னும் நாடகத்தில் அது முதன்முதலாக வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசப். அம்மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் குடியானவன் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. அந்நாட்டில் அது 1848இல்தான் ஒழிந்தது.

திருவிதாங்கூர் மண்ணில் வாழும் நமக்கு இது புரியாத செய்தியா? இங்கே அதற்கு ‘ஊழியம்’ என்று பெயர். அடிமை முறையை ஒழிக்கும் அரச விளம்பரம் திருவிதாங்கூரில் 1855இல் வந்தது. சாப்பெக்கின் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் இடையில் ஏழே ஆண்டுதான் வித்தியாசம்.

அந்த நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல, தசையும் நரம்பும் உள்ள செயற்கை மனிதர்கள். ஓயாமல் உழைப்பார்கள், கூலி கேட்க மாட்டார்கள், ஆசை கிடையாது. ஒரு நாள் அவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள், மனித இனம் அழிகிறது.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் உழைப்பவர்கள் கிளர்ந்தெழுந்ததும் நடந்த கதைதான், ஆனால் முடிவு வேறு. வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். வயல்கள் தரிசாய்க் கிடந்தன. ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைக் கொண்டுபோய் அவர் சேர்த்தபோது, பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்றை அப்பள்ளி இன்றும் பாதுகாத்து வருகிறது. அந்த மக்கள் யாரையும் அழிக்க எழவில்லை. எங்களையும் மனிதராக எண்ணுங்கள் என்று கேட்கத்தான் எழுந்தார்கள். அவர்களை அதுவரை உழவுக் கருவி போல எண்ணியவர்கள் சாட்சாத் மனிதர்களே.

வெள்ளித்திரையில்

நாடகத்துக்குப் பின் திரைப்படம் வந்தது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1927இல் பெர்லினில் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ என்ற பேசாப் படத்தில் நகரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே மாளிகைகளும் தோட்டங்களும், பூமிக்கு அடியில் இயந்திரங்களோடு தொழிலாளர்கள். அவர்கள் நம்பிய மரியா என்ற பெண்ணைப் போலவே ஒரு பொறிப்பெண்ணைச் செய்து, அவர்களையே ஏமாற்ற அனுப்புகிறார்கள். நம் பொறியானைதான்! 1982இல் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்தில் 2019ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்செல்ஸ் காட்டப்படுகிறது. வேற்றுக் கோள்களில் வேலை செய்யப் படைக்கப்பட்ட செயற்கை மனிதர்களுக்கு அதில் நான்கே ஆண்டு ஆயுள். இன்னும் கொஞ்சம் வாழ விடுங்கள் என்பதே அவர்கள் கேட்பது.

தமிழில் இத்துறைக்கு வழி போட்டவர் எழுத்தாளர் சுஜாதா. 1980களில் தொடராக வந்த அவருடைய ‘என் இனிய இயந்திரா’, 2020களின் தொடக்கத்தைக் கற்பனை செய்தது. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். முதியவர்கள் அகற்றப்படுவார்கள். ஆள்பவர் ஜீவா. அவரும் மனிதரல்லர், ஒளியால் ஆன வெறும் உருவம் என்று பின்னர் தெரியவருகிறது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு இருக்கும் இரக்கம் அந்த ஆட்சிக்கு இல்லை. நாம் அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்துவிட்டோம். கதை பழையதாகவில்லை.

சுஜாதா 2008இல் மறைந்தார். அவர் பங்கு கொண்ட ‘எந்திரன்’ 2010இல் வெளிவந்தது. அதில் ஒரு காட்சியைப் பலரும் கவனிப்பதில்லை. சோதனையின்போது பேராசிரியர் போரா, படைத்தவனையே குத்தும்படி சிட்டிக்கு ஆணையிடுகிறார். சிட்டி கத்தியோடு போகிறது. கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. பிற்பாடு அதற்குச் சிவப்புச் சில்லைப் பொருத்தி அழிவுக் கருவி ஆக்குவதும் அதே போராதான். ஆனால் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது சிட்டியை. தன் உடம்பைத் தானே கழற்றி வைத்துவிட்டு அது அடங்குகிறது.

மலையாளத்தில் 2019இல் வந்த ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’, நம் எல்லைப்புற வீடுகளில் உட்கார்ந்து எழுதியதோ என்று தோன்றும். கதை நடப்பது வடக்கே பையன்னூரில். மகனுக்கு வெளிநாட்டில் வேலை. தனியே இருக்கும் முரட்டுத் தந்தை, வைத்த வேலையாட்களை எல்லாம் விரட்டிவிடுகிறார். மகன் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். முதலில் முகம் சுளித்தவர், பிறகு அதற்கு வேட்டி சட்டை உடுத்தி, பிள்ளையாகவே எண்ணத் தொடங்குகிறார். இது 2022இல் ‘கூகுள் குட்டப்பா’ என்று தமிழிலும் வந்தது. பாறசாலைப் பக்கத்தில் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திண்ணையில் காத்திருக்கும் பெற்றோரைப் பார்த்தவர்கள், இப்படத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்தாலும் மனசு கனக்கும். இங்கே ரோபோ ஒரு தீங்கும் நினைக்கவில்லை. மகன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, அது வந்து நின்றது.

யாருக்கு ஒட்டும்?

பாறசாலையிலிருந்து களியக்காவிளை எல்லையைத் தாண்டி, மார்த்தாண்டம் போய் வடக்கே திரும்பினால் சிதறால் மலை. சுமார் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள் அங்கே பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. பேத்தியை அங்கே அழைத்துப் போய்த்தான் அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

சமண நூல்கள் உலகத்தை உயிர், உயிரல்லது என்று பிரிக்கும். உயிர்களை ஓரறிவு முதல் புலன்வாரியாக அடுக்கும். தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே ஆறறிவு வரை அடுக்குகிறது. பொறி எவ்வளவு பேசினாலும், கணக்குப் போட்டாலும், உயிரல்லாத பக்கத்தில்தான் நிற்கும். ஆகவே அதற்கு வினை ஒட்டாது. ஆனால் வினை காணாமல் போவதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினைக்கு மூன்று வாயில் சொல்லியிருக்கிறார்கள் நம் முன்னோர். கையால் செய்தவன் மட்டுமல்ல, செய்யச் சொன்னவனும், சரி என்று பார்த்துக்கொண்டிருந்தவனும் பங்காளி. பொறி செய்தால் முதல் வாயில் மட்டுமே அடைபடும். மற்ற இரண்டும் திறந்தே இருக்கும். “அப்ப போராவுக்கு ஒட்டும்” என்றாள் பேத்தி. “அதை வாங்கிக்க வந்தவனுக்கும்” என்று சேர்த்துச் சொன்னேன்.

சொல்லும்போதே எனக்கு ஒன்று உறுத்திற்று. அதையும் எழுதிவிடுகிறேன். 2000களின் நடுவில், பாறசாலைக்கு அருகே இருந்த என் கிடங்கில் அரிசியில் கல்லும் கறுப்பரிசியும் பொறுக்க எல்லைக் கிராமங்களிலிருந்து நான்கு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் மில்களில் ‘சார்டெக்ஸ்’ இயந்திரம் பரவிற்று. அரிசி சரிந்து விழும்போது உள்ளிருக்கும் கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். நிறம் மாறியதைக் காற்றடித்துத் தள்ளிவிடும். நானும் சார்டெக்ஸ் அரிசிக்கு மாறினேன், பெண்களை நிறுத்தினேன். இயந்திரத்துக்கு மனிதக் கண்ணைவிடக் கூர்மையான கண் இருக்கிறது என்று அவர்களுக்குப் பெருமையாக விளக்கவும் செய்தேன். அவர்களில் மூத்தவர், முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “கண்ணு உண்டு, சரி அண்ணாச்சி. அதுக்கு வயிறு உண்டோ?” என்று கேட்டார். ஒரு வாரக் கூலியைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன். பின்னாளில் அவர் தொழிலுறப்பு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

வயிறில்லாத வேலையாள் வேண்டும் என்ற ஆசைதான் சாப்பெக்கின் ரோபோவைப் பெற்றது. அந்த ஆசை என் கிடங்கிலும் இருந்தது. இயந்திரம் யாரையும் அனுப்பவில்லை, அனுப்பியவன் நான். இயந்திரம் வந்தது தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்த நான்கு பேருக்கு வேறு வழி என்ன என்று யோசிக்காமல் உடன்பட்டது தவறு.

முடிவுரை

இன்று பேசும் கணிப்பொறி ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் வந்துவிட்டது. ‘கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய?’ என்ற பேச்சை வங்கியிலும் அலுவலகத்திலும் கேட்கிறோம். இந்தப் பேச்சுத்தான் எனக்குப் படத்தில் வரும் இருண்ட உலகத்தைவிட அச்சம் தருகிறது. ஏவியவர் பொறிக்குப் பின்னால் மறைந்துகொள்ள இது நல்ல திரை.

ஆகவே இம்மலரைப் படிக்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதைச் செய்யச் சொன்னது யார்? பார்த்தும் பேசாமல் இருந்தது யார்? பிள்ளைகள் சரியாகவே சொல்வார்கள். சில சமயம் நம் பெயரையும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.